குட்வாங்கனில் சுரங்கம் மூடியது, ஃப்ளோமில் கப்பல் கிளம்பியது

நார்வேயில் மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே புகுந்திருக்கும் கடலான ஃபியோர்டுகளைக் கப்பலில் சுற்றிப் பார்க்க நம் ஊரிலிருந்தும் இப்போது நிறையப் பேர் போகிறார்கள். போய்வந்தவர்கள் அருவியைப் பற்றி எழுதுகிறார்கள், பனி மூடிய மலையைப் பற்றி எழுதுகிறார்கள், கப்பலில் சைவச் சாப்பாடு எப்படி என்று எழுதுகிறார்கள். அதையெல்லாம் படித்துவிட்டுத்தான் நானும் கிளம்பினேன். ஆனால் துறைமுகத்தில் இறங்கி மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பகல் சுற்றுலா போனால், திரும்பி வரும் வழி ஒரே ஒரு சுரங்கத்தை நம்பி இருக்கலாம் என்று யாரும் எழுதவில்லை. அது மூடினால் யாரைக் கூப்பிடுவது, எங்கே போவது, எவ்வளவு செலவாகும் என்பதையெல்லாம் சாலையில் நின்றபடியே தெரிந்துகொண்டேன். அடுத்துப் போகிறவர்கள் வீட்டில் உட்கார்ந்தே தெரிந்துகொள்ளட்டும் என்று நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நான் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், மதுரைக்காரி. மகள் ஹாம்பர்க்கில் இருக்கிறாள். போன ஜூலையில் இருவருமாகப் போவதற்குத்தான் டிக்கெட் போட்டோம். கடைசி வாரத்தில் அவளுக்கு அலுவலகத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. பணம் திரும்ப வராது என்பதால், “அம்மா, நீங்க மட்டும் போயிட்டு வாங்க” என்று அனுப்பி வைத்தாள். ஹாம்பர்க்கில் ஏறி, கெய்ராங்கர், ஓலெசுண்ட், ஃப்ளோம், ஸ்டவாங்கர் பார்த்துவிட்டு மறுபடி ஹாம்பர்க். விசா விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா என்கிற ஷெங்கன் ஏற்பாட்டில் இருக்கிறது. அதனால் ஜெர்மனியிலிருந்து போகும் கப்பலுக்கு ஷெங்கன் விசா போதும். இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டனிலிருந்தும் கப்பல்கள் கிளம்புகின்றன. அதில் போனால் பிரிட்டிஷ் விசா, ஷெங்கன் விசா இரண்டும் வேண்டும். அந்தக் கப்பல்களில் கப்பல் கடிகாரமும் கரைக் கடிகாரமும் ஒன்றுதானா என்பதையும் இறங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கிலாந்து நேரமும் நார்வே நேரமும் ஒரு மணி நேரம் வேறுபடும். உங்கள் போன் கரையின் நேரத்துக்குத் தானாக மாறிவிடும்.

ஃப்ளோம் ஒரு குட்டி ஊர். நார்வேயின் மிக நீளமான ஃபியோர்டான சோங்னஃபியோர்டின் கிளையில், மலைகளுக்கு நடுவே கடல் முடிகிற இடம். அங்கே எல்லோரும் ஏறுவது 1940-இல் ஓடத் தொடங்கிய மலை ரயில். 20 கிலோமீட்டர் தூரத்தில் 860 மீட்டருக்கு மேல் ஏறி மிர்டால் வரை போகும். நன்றாக இருக்கும் என்கிறார்கள். எனக்கு ரயிலைவிட அந்த ஊர்ப்புறத்தைப் பார்க்கத்தான் ஆசை. பண்ணை, ஆடு, புல் கூரை வீடு, அங்கே மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று. கப்பலே நடத்துகிற பஸ் பயணத்தில் இடம் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அதனால் உள்ளூர்க் கம்பெனி ஒன்றின் சிறிய பஸ்ஸில் பதிவு செய்தேன். அவர்கள் தளத்தில் ‘கப்பல் கிளம்பும் முன் கொண்டுவந்து சேர்ப்போம், உத்தரவாதம்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. கட்டணம் நார்வே பணத்தில் 1,150 குரோனர். மூன்றேகால் மணிக்குத் திரும்புவதாகத் திட்டம். கப்பலுக்குள் இருக்க வேண்டிய கடைசி நேரம் நாலரை, கிளம்புவது ஐந்து. ஒன்றேகால் மணி நேரம் கையிருப்பு. தரைவழியில் வெறும் இருபது நிமிடத் தூரத்துக்கு அது தாராளம் என்று யாருக்கும் தோன்றும்.

காலையில் தூறல். ஃப்ளோமை விட்டதும் 5 கிலோமீட்டர் சுரங்கம் ஒன்று, அதைத் தாண்டியதும் கிளைச்சாலையில் இறங்கினால் உண்ட்ரெடால். மனிதர்களைவிட ஆடுகள் அதிகம் இருக்கிற ஊர். 12-ஆம் நூற்றாண்டில் கட்டிய மரத்தேவாலயம் ஒன்று இருக்கிறது, 40 பேர் உட்காரலாம், அவ்வளவுதான். அங்கே ஆட்டுப்பாலில் பழுப்புச் சீஸ் செய்கிறார்கள். பால் திரிந்த பிறகு வடிகிற தண்ணீரைக் கொட்டாமல் பெரிய பாத்திரத்தில் மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சி, அதிலிருக்கும் சர்க்கரை கருகிச் சிவந்து வரும்போது எடுத்து அச்சில் ஊற்றுகிறார்கள். கடையில் இருந்த அம்மா, நடுவில் பிளவு வைத்த தட்டையான கரண்டி போன்ற கருவியால் அந்தக் கட்டியின் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். காகிதம் மாதிரி ஒரு சுருள் வந்தது. வாயில் போட்டால் பால்கோவாவில் உப்பும் லேசாகப் புளிப்பும் சேர்த்தது போல இருந்தது. 

அங்கிருந்து பெரிய சாலைக்கு ஏறி, 11.4 கிலோமீட்டர் நீளமுள்ள குட்வாங்கன் சுரங்கம். வெளியே வந்தால் நேரோய்ஃபியோர்டின் முனை. 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த ஃபியோர்டு அது. அப்புறம் ஸ்டால்ஹெய்ம். மேலே ஓட்டல் மாடத்திலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு முழுக்கக் கீழே கிடக்கிறது. மழைக்குப் பிறகு பாறைச் சுவர்களில் காலையில் இல்லாத அருவிகள் எல்லாம் இறங்கியிருந்தன. வழியில் பார்த்த பண்ணைகளில் கூரை மேல் புல் வளர்ந்திருந்தது. அடியில் பூர்ச்ச மரப்பட்டையை அடுக்கி, அதன் மேல் மண்ணும் புல்லும் போடுகிறார்கள். தண்ணீர் உள்ளே போகாமல் தடுப்பது அந்தப் பட்டைதான். இன்றைக்கும் அந்தப் பகல் முழுக்க என் மனதில் நல்ல பகலாகத்தான் இருக்கிறது. 

திரும்பும்போது இரண்டே முக்கால் இருக்கும். குட்வாங்கன் சுரங்க வாசலில் சிவப்பு விளக்குகள் மாறி மாறி எரிந்துகொண்டிருந்தன. குறுக்கே தடுப்புக் கம்பி இறங்கியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஏழெட்டு வண்டிகள். டிரைவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிப் போய் விசாரித்தார். உள்ளே லாரி ஒன்று பழுதாகி நின்றுவிட்டது, இழுத்துப் போக வண்டி வர வேண்டும், அரை மணியும் ஆகலாம், இரண்டு மணியும் ஆகலாம் என்றார். சொல்லிவிட்டுப் பிளாஸ்கைத் திறந்து காபி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் எல்லாம் ஃப்ளோமில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள். அவர்களுக்கு அவசரம் இல்லை. அந்தக் கூட்டத்தில் கப்பலுக்குப் போக வேண்டியவள் நான் ஒருத்திதான். 

எங்கள் கப்பலின் பஸ்களைத் தேடினேன், ஒன்றும் இல்லை. அவை ஒன்றரை மணிக்கே இந்த வழியாகத் திரும்பிவிட்டன என்று டிரைவர் சொன்னார். இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். இந்தச் சாலையை வருடக்கணக்காகத் தெரிந்தவர்கள் இரண்டரை மணி நேரத்துக்கும் மேல் கையிருப்பு வைக்கிறார்கள். அதோடு, கப்பல் நடத்தும் பஸ் மாட்டிக்கொண்டால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் அடுத்த துறைமுகத்துக்குத் தங்கள் செலவிலேயே கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அந்தப் பஸ்களில் ஒன்று அந்த வரிசையில் நின்றிருந்தால் எனக்கும் கப்பல் கிடைத்திருக்கும். வெளிப் பஸ்ஸில் போகிற தனி ஆளுக்காகப் பெரிய கப்பல் நிற்காது. வழிகாட்டும் உள்ளூர் பைலட்டுக்கு நேரம் குறித்திருப்பார்கள், அடுத்த துறைமுகத்தில் இடம் குறித்திருப்பார்கள்.

சுரங்கத்தை ஏன் இவ்வளவு சீக்கிரம் மூடுகிறார்கள் என்று அப்போது எரிச்சலாக இருந்தது. பிறகு தெரிந்தபோது எரிச்சல் போய்விட்டது. இதே குட்வாங்கன் சுரங்கத்துக்குள் 2013-இல் லாரி ஒன்று தீப்பிடித்தது, புகையில் மாட்டிக்கொண்டு அறுபதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். 2015-இல் சுற்றுலாப் பஸ் ஒன்று தீப்பிடித்தது. இரண்டிலும் உயிர் போகவில்லை என்பது பெரிய விஷயம். ஒரே குழாயில் இரண்டு திசையிலும் வண்டி ஓடும் சுரங்கம், உள்ளே ஏதாவது நின்றால் உடனே மூடத்தான் வேண்டும். நார்வேயில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட சாலைச் சுரங்கங்கள் இருக்கின்றன. பழுது, பராமரிப்பு, பாறைச் சரிவு என்று எங்காவது ஒன்று மூடுவது அவர்களுக்கு அன்றாடம். அதனால்தான் டிரைவர் நிதானமாகக் காபி குடித்தார்.

மாற்று வழி இல்லையா என்றால், வரைபடத்தில் இருக்கிறது. வோஸ் பக்கம் திரும்பிப் போய், விக்காஃபியல் மலையைத் தாண்டி, சோங்னஃபியோர்டைப் படகில் கடந்து, மறுபடி இன்னொரு படகில் ஏறி, 24.5 கிலோமீட்டர் லேர்டால் சுரங்கத்துக்குள் புகுந்து அவுர்லாந்து வழியாக ஃப்ளோமுக்கு வர வேண்டும். இருபது நிமிட வழிக்குப் பதில் நாலு மணி நேரமாவது ஆகும். இன்னொன்று நேரோய்ஃபியோர்டு வழியாகப் போகிற படகு. குட்வாங்கன் படகுத்துறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன். மூன்று மணிப் படகு நிரம்பிவிட்டது, சுரங்கம் மூடியதும் எல்லோரும் அங்கேதான் ஓடியிருக்கிறார்கள். இடம் கிடைத்திருந்தாலும் அந்தப் படகுக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும், ஐந்து மணிக்குத்தான் சேரும். உங்கள் சுற்றுலா எந்த ஊருக்குப் போனாலும் முதல் நாள் இரவே வரைபடத்தைத் திறந்து, போகும் சாலையை விரலால் மறைத்துவிட்டுத் திரும்ப வேறு வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கையிருப்பு நேரத்தை மூன்று மணியாக்கிக்கொள்ளுங்கள், அல்லது கப்பலின் பஸ்ஸில் போங்கள். கெய்ராங்கர் போன்ற இடங்களிலும் மலைச்சாலை ஒன்றோ இரண்டோதான்.

மூன்றரை மணிக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. கப்பலில் தினமும் அறைக்குள் ஒரு தாள் போடுவார்கள், மறுநாள் நிகழ்ச்சிகளோடு. அதன் ஓரத்தில் ‘துறைமுக முகவர்’ என்று, கப்பல் கம்பெனிக்காகக் கரையில் வேலை பார்க்கிறவரின் தொலைபேசி எண் இருக்கும். அதைப் பெரும்பாலானவர்கள் பார்ப்பதே இல்லை. மகள் சொல்லியிருந்ததால் காலையில் அந்தத் தாளை மடித்துப் பையில் வைத்திருந்தேன். அதுதான் அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது. தாளைப் பத்திரமாக வைத்தாலும் மழையில் ஊறிவிடும், போனில் படமும் எடுத்துக்கொள்ளுங்கள். முகவர் பொறுமையாகக் கேட்டார். என் பெயர், அறை எண், எங்கே நிற்கிறேன், பாஸ்போர்ட் கையில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். “ரொம்ப நல்லது” என்றார். கப்பலுக்குத் தகவல் சொல்கிறேன், ஆனால் காத்திருப்பார்கள் என்று நம்ப வேண்டாம், நாளை ஸ்டவாங்கரில் ஏறிக்கொள்ளலாம், மாலை ஆறு மணி வரை அங்கே நிற்கும் என்றார். 

பாஸ்போர்ட்டைப் பற்றி இரண்டு விதமாகச் சொல்வார்கள். தொலைந்துபோகும், அறையின் பெட்டகத்திலேயே வையுங்கள் என்பது ஒரு கட்சி. ஆள் வராவிட்டால் கப்பல் ஊழியர்கள் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டை முகவரிடம் கொடுத்துவிட்டுப் போவதும் வழக்கம்தான். ஆனால் நான் முகவர் இருக்கிற பக்கமே போக முடியாமல் சுரங்கத்துக்கு மறுபக்கம் நின்றேன். இந்திய பாஸ்போர்ட்காரர்களுக்கு ஓட்டலில் அறை எடுக்கவே அது வேண்டும். துறைமுகத்தை விட்டு இருபது கிலோமீட்டருக்கு மேல் போவதென்றால், ஆடைக்குள் அணிகிற பையில் பாஸ்போர்ட்டோடு போங்கள் என்பதுதான் என் கருத்து.

நாலே கால் வரை நின்றேன். லாரி நகரவில்லை. அந்த நேரத்தில் மனதில் ஓடியதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அறுபது வயதில் எனக்கு எதற்கு இந்த ஊர் சுற்றல் என்று தோன்றியது. அவர் இருந்திருந்தால் இப்படி நிற்கவிட்டிருப்பாரா என்று தோன்றியது. கண்ணீர் வந்தது, மழையில் யாருக்கும் தெரியவில்லை. ஆனால் நாலரை மணி தாண்டப் போகிறது என்று உறுதியானதும் ஒருவிதத் தெளிவும் வந்தது. இனி இந்தக் கப்பலைத் துரத்திப் பயனில்லை, அடுத்த துறைமுகத்தைத் துரத்த வேண்டும். ஃப்ளோமுக்குப் போய்ச் சேர்ந்தாலும் அங்கே கப்பல் இருக்காது, ஜூலையில் அறையும் கிடைக்காது. குட்வாங்கனிலிருந்து எதிர்ப்பக்கம் வோஸுக்குப் பஸ் இருந்தது. ஒரு மணி நேரம். ஏறிவிட்டேன். சுரங்கம் ஐந்தரைக்குத் திறந்தது என்று பிறகு தெரிந்தது. 

பஸ்ஸில் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டால், அவள் எனக்கு முன்னால் அழுதுகொண்டிருந்தாள். கப்பலில் ஏறும்போதும் இறங்கும்போதும் அட்டையைத் தேய்ப்போம் இல்லையா, நாலரைக்கு என் அட்டை உள்ளே வரவில்லை என்று கண்டுபிடித்து, பதிவில் இருந்த எண்ணுக்கு அடித்திருக்கிறார்கள். பதிவில் இருந்தது அவள் எண். முகவரிடம் நான் பேசிய தகவல் அதற்குள் அவர்கள் மேசைக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு மணி நேரம் அந்தப் பிள்ளை என்னென்னவோ நினைத்துப் பயந்திருக்கிறாள். ஏறிய அன்றே வரவேற்பு மேசைக்குப் போய், கரையில் வேலை செய்கிற உங்கள் எண்ணைக் கொடுத்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். கரையில் வேலை செய்கிற எண் என்பதும் முக்கியம். கடலில் போனை ஃப்ளைட் மோடில் வைக்காவிட்டால் அது கப்பலின் கடல் நெட்வொர்க்கைப் பிடித்துப் பில் ஏறும். அதற்குப் பயந்து பலர் கரையிலும் போனை அணைத்தே வைத்திருக்கிறார்கள். நம் சிம்மின் வெளிநாட்டுப் பேக்கில் நார்வே இருக்கிறதா என்று பார்த்தோ, தனியாக இ-சிம் வாங்கியோ வையுங்கள். அன்று என்னிடம் டேட்டா இல்லாமல் இருந்திருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது. பஸ், ரயில், படகு எல்லாவற்றையும் சேர்த்து வழி காட்டுகிற ‘என்டூர்’ செயலி அந்த நாடு முழுவதற்கும் ஒன்றுதான், இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளலாம். 

வோஸ் ஸ்டேஷனில் ஈரக் காலணியோடு உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பெர்கன் நகரத்துக்குப் போகும் ரயிலில் ஏறியும் மகளோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும் எதிரே இருந்த பெண், “அக்கா, நீங்கள் தமிழோ? நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான். என்ன நடந்தது?” என்றார். சிறு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர், பெர்கனில் வேலை பார்க்கிறார். நார்வேயில் ஈழத்தமிழர்கள் எண்பதுகளிலிருந்தே நிறைய இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், அந்த நேரத்தில் அந்தக் குரலைக் கேட்பேன் என்று நினைக்கவில்லை. “ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ. பழைய துறைமுகப் பக்கம் அறை தேடாதேங்கோ, அங்க விலை கூட. பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்ட எடுங்கோ. ஸ்டவாங்கருக்கு விடிய பஸ் இருக்கு, இப்பவே சீட்டைப் போடுங்கோ” என்று என் போனை வாங்கித் தானே பதிவு செய்து கொடுத்தார். பெர்கனில் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் பக்கத்தில் பக்கத்தில்தான். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்தது. தனியாக ஒரு பெண் அறை தேடிப் போக அது எவ்வளவு தைரியம் என்று அனுபவித்தால்தான் தெரியும். 

அறையில் நுழைந்த பிறகுதான் கையில் என்ன இல்லை என்று ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ரத்த அழுத்த மாத்திரை கப்பலில். போன் சார்ஜர் கப்பலில். மாற்று உள்ளாடை, காய்ந்த காலுறை எல்லாம் அங்கேதான். சார்ஜர் ஓட்டல் மேசையில் இரவல் கொடுத்தார்கள். மாத்திரைக்கு வழியில்லை. மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் கொடுக்க மாட்டார்கள். இரண்டு வேளை மாத்திரை இல்லாமல் தலை கனத்துக்கொண்டு, நெஞ்சு படபடத்தால் அது பயமா, அழுத்தமா என்று தெரியாமல் படுத்திருந்தேன். பணம் போனதைவிட எனக்கு அந்த இரவுதான் கஷ்டம். சர்க்கரை, அழுத்தம், தைராய்டு எதற்கு மாத்திரை எடுப்பவராக இருந்தாலும் இரண்டு நாளுக்கானதைக் கைப்பையில் வையுங்கள், மருந்தின் பொதுப்பெயர் எழுதிய சீட்டோடு. அந்த நாட்டில் ஆம்புலன்ஸுக்கு 113, அவசரம் அவ்வளவு இல்லை, ஆனால் டாக்டரிடம் பேச வேண்டும் என்றால் 116117. இரண்டையும் அன்றிரவு தாளில் எழுதித் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் தூங்கினேன்.

காலை பஸ் ஐந்தரை மணி நேரம். அது ஒரு விசித்திரமான சாலை. வழியில் பஸ் இரண்டு முறை பெரிய படகுக்குள் ஏறிவிடுகிறது. நாம் இறங்கி மேல்தளத்துக்குப் போய் உட்கார வேண்டும். முதல் படகில் ‘ஸ்வேலே’ என்று தடித்த தோசை மாதிரி இனிப்பாக ஒன்று விற்றார்கள், வெண்ணெயும் சர்க்கரையும் தடவி மடித்துக் கொடுப்பார்கள். முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு நான் ஒழுங்காகச் சாப்பிட்டது அதுதான். முட்டை சேர்த்திருக்கும், சுத்த சைவம் பார்ப்பவர்கள் கேட்டு வாங்குங்கள். நடுவில் கடலுக்கு அடியில் 260 மீட்டர் ஆழம் வரை இறங்குகிற சுரங்கம் ஒன்று வருகிறது. அதன் வாசலில் பச்சை விளக்கைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஸ்டவாங்கரில் கப்பல் ஊருக்கு நடுவிலேயே, பழைய வெள்ளை மரவீடுகளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. பஸ் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. வாசலில் அட்டையைத் தேய்த்ததும் ஊழியர் பெயரைப் பார்த்துவிட்டு, “வந்துவிட்டீர்களா” என்று கையைப் பிடித்துக்கொண்டார். நேராக அறைக்குப் போய் மாத்திரை போட்டேன்.

செலவு: வோஸ் பஸ் 140 குரோனர், ரயில் 260, பெர்கன் அறை 2,350, இரவுச் சாப்பாடு 240, பல்துலக்கி, காலுறை மாதிரிச் சில்லறைச் சாமான் 180, ஸ்டவாங்கர் பஸ் 690. மொத்தம் 3,860 குரோனர், நம் கணக்கில் 30,000 ரூபாய்க்கு மேல். ஸ்டவாங்கரில் போக வேண்டிய சுற்றுலாவுக்குக் கட்டிய பணமும் போயிற்று. என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஃபாரெக்ஸ் அட்டை. அறைக்கான பணத்தை எடுத்த பிறகு அதில் மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. மகள் இரவோடு இரவாகப் பணம் ஏற்றியிருக்காவிட்டால் பஸ்ஸுக்குத் திண்டாட்டம். நார்வேயில் பணத்தாள் கிட்டத்தட்டத் தேவையே இல்லை, கழிப்பறை வரைக்கும் அட்டைதான். அதனால் இரண்டு அட்டை, வெவ்வேறு வங்கியுடையது, வெவ்வேறு பையில்.

ஊருக்கு வந்து இன்சூரன்ஸுக்கு எழுதினேன். சுற்றுலாப் பஸ் பொதுப் போக்குவரத்தில் சேராது, அதனால் தாமதத்துக்கு இழப்பீடு இல்லை என்று பதில் வந்தது. பாலிசி வாங்கும்போது ‘கப்பலைத் தவறவிட்டால்’ என்று தனியாக ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். விமானத்துக்கு மட்டும் எழுதியிருந்தால் அது இதற்கு உதவாது. சுற்றுலாக் கம்பெனி இன்னும் மோசம். அவர்கள் பெரிய எழுத்தில் போட்ட உத்தரவாதத்துக்குக் கீழே, சாலை மூடினால் பொறுப்பல்ல என்று சிறிய எழுத்தில் ஒரு வரி இருந்ததாம். அந்த ஊரில் சாலை மூடுவதைத் தவிர வேறு எதனால் தாமதம் ஆகும்? கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நார்வே சாலைத்துறை எந்தச் சாலை எப்போது மூடியது என்று வெளியிடுகிற அறிவிப்பை மகள் அன்றே படம் எடுத்து வைத்திருந்தாள். அதை அனுப்பி மாறி மாறி எழுதிய பிறகு டிக்கெட் பணத்தில் பாதி வந்தது. அந்தச் சாலைத் தகவலை உள்ளூர் போனிலிருந்து 175-க்கு அடித்தும் கேட்கலாம். புறப்படும் முன் பராமரிப்புக்காக மூடுகிறார்களா என்பதும் அதில் தெரியும்.

தனிக் கம்பெனி பஸ்ஸில் போகவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். உண்ட்ரெடாலுக்கும் அந்தப் பண்ணைகளுக்கும் பெரிய பஸ்கள் போவதில்லை, போனாலும் ஐம்பது பேரோடு நின்று பார்க்க வேண்டும். ஆனால் பணம் கட்டும் முன் ஒரு மின்னஞ்சல் போடுங்கள்: சுரங்கமோ சாலையோ மூடி நான் கப்பலைத் தவறவிட்டால், அடுத்த துறைமுகத்துக்கு என்னைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செலவு யாருடையது? பதிலை எழுத்தில் வாங்குங்கள். கப்பல் கிளம்பும் நேரத்தையும் அதே மின்னஞ்சலில் சொல்லிவிடுங்கள். தெளிவான பதில் வராத கம்பெனியை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள், ஃப்ளோமில் இப்படிப் பஸ் விடுகிறவர்கள் ஒருவர் இருவர் அல்ல.